143 பேரில் 134: ஒரு ஹெச்ஆர் ரெஸ்யூமேயைத் திருத்திய கதை

போன வாரம் ராத்திரி 11.30 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. அனுப்பியவள் என்னிடம் 4 வருஷம் ஜூனியராக இருந்தவள். ஆபீஸில் இருந்தவரை "மேடம்", வேலையை விட்டுப் போன மறுநாளிலிருந்து "அக்கா". "அக்கா, அசிஸ்டென்ட் மேனேஜர் ஹெச்ஆர் போஸ்டுக்குப் போடுறேன், நாளைக்குள்ள அனுப்பணும், ஒரு தடவை பாத்துடுங்க ப்ளீஸ்" என்று கீழே ஒரு வரி. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திறந்தேன்.

இரண்டு பக்கம், பதினோரு புள்ளிகள். ரெஸ்பான்ஸிபிள் ஃபார் ரெக்ரூட்மென்ட். ஹேண்ட்லிங் ஸ்டாட்யூட்டரி கம்ப்ளையன்ஸ். கோஆர்டினேட்டிங் எம்ப்ளாயீ என்கேஜ்மென்ட் ஆக்டிவிட்டீஸ். இந்த ரீதியில் கடைசி வரைக்கும். பெயரை மட்டும் மறைத்துவிட்டால் ஒரகடத்திலிருந்து ஓசூர் வரை எந்த ஹெச்ஆருக்கும் அந்த ரெஸ்யூமே பொருந்தும். கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போட்ட ஜாப் டிஸ்கிரிப்ஷனையே மடித்து அவனுக்கே திருப்பி அனுப்புவது போல இருந்தது. "சாதனைகள்" என்று தனியாக ஒரு தலைப்பும் இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு வரி, ஏதோ ஒரு வருஷம் "பெஸ்ட் டீம் ப்ளேயர்" கப் வாங்கியது. அந்தக் கப்பை வாங்கியதே நான்தான், பாரிமுனையில், ஒரு டஜன் மொத்த விலைக்கு.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பெண் செய்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

2021. ஆதார் இணைக்காத யுஏஎன்னுக்கு (தொழிலாளியின் பிஎஃப் கணக்கு எண்) இனிமேல் இசிஆர் போட முடியாது, அதாவது கம்பெனி மாதாமாதம் அனுப்புகிற பிஎஃப் கணக்கில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது என்று பிஎஃப் தரப்பில் அறிவித்தார்கள். முதலில் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் செப்டம்பர் 1 என்று தள்ளிவைத்தார்கள். லாக்டவுன், பாதிப் பேர் ஊரில். லிஸ்ட் எடுத்துப் பார்த்தால் எங்கள் பிளான்ட்டில் 143 பேருக்கு இணைப்பு ஏறவில்லை. பெயர் ஒத்துப்போகவில்லை, அல்லது பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை.

நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்த மாதிரி நேரத்தில்தான் தன் வேலையைக் காட்டும். ஆதாரில் "முருகன் கே". பிஎஃப்பில் "கே முருகன்". பேங்க் பாஸ்புக்கில் "முருகன் கந்தசாமி". மூன்றும் ஒரே ஆள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. பிறந்த தேதி இன்னொரு கூத்து. ஆதார் எடுத்தபோது வருஷத்தை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குக்கு ஏற்ற மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டிருப்பார். நிஜமாகப் பிறந்தது ஆடியிலோ ஐப்பசியிலோ என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? கேன்டீன் வாசலில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அரை மணி, அதுவும் மூன்று ஷிஃப்டுக்கும். நோட்டில் மூன்று கட்டம்: ஆதாரில் என்ன, பிஎஃப்பில் என்ன, எதை மாற்றினால் சுலபம். இந்த மூன்றாவது கட்டம்தான் மூளை. சிலருக்கு ஆதாரைத் திருத்துவது சுலபம், சிலருக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் (தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற மனு) கொடுத்து பிஎஃப்பைத் திருத்துவது சுலபம். அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பேங்கில் இன்னொரு சிக்கல் முளைக்கும். 11 வாரம் இப்படியே போனது. ஆகஸ்ட் 31 அன்று 143 பேரில் 134 பேருக்கு முடிந்திருந்தது. மீதி 9 பேரில் 5 பேருக்கு ஆதாரோடு செல்போன் நம்பர் இணைக்கவில்லை, ஓடிபி வராது. 3 பேருக்கு இரண்டு இரண்டு யுஏஎன். ஒருவர் விஷயம் வேறு, அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த 8 பேருக்கும் நவம்பருக்குள் முடித்தாள், தாமதத்துக்கு உரிய 12 சதவீத வட்டியோடு பணம் கட்டினோம்.

ரெஸ்யூமேயில் இது "ஹேண்ட்லிங் ஸ்டாட்யூட்டரி கம்ப்ளையன்ஸ்". நான்கு வார்த்தை கூட இல்லை.

மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன், ஏன் எழுதவில்லை என்று. "அது என் வேலைதானேக்கா, சம்பளம் வாங்கினேன்ல, அதுல என்ன சாதனை?" என்றாள்.

இந்தக் கூச்சம் நமக்கு ஊறிப்போனது. வீட்டில் யாராவது "நான் செஞ்சேன், நான் செஞ்சேன்" என்று இரண்டு தடவை சொன்னால் "போதும் தம்பட்டம்" என்று பாட்டி அடக்கிவிடுவாள். ஆனால் தற்புகழ்ச்சிக்கு இலக்கணமே அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர், ஒரு புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது எங்கெல்லாம் தகும் என்று நான்கு இடம் சொல்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதாடி வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. முதல் இரண்டும் அப்படியே வேலை விண்ணப்பம். மூன்றாவது இன்டர்வியூ. நான்காவதை அப்ரைசல் மீட்டிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எழுத அனுமதி உண்டு. எதை எழுதுவது என்பதில் நானே ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

2020 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். என் ரெஸ்யூமேயில் முதல் வரி, போல்டு எழுத்தில்: ஒரே வருஷத்தில் அட்ரிஷனை, அதாவது வேலையை விட்டுப் போகிறவர்கள் விகிதத்தை, 31 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைத்தேன். எனக்கே அந்த வரியின் மேல் ஒரு காதல். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ரிடையர் ஆகப் போகிற வயசு, பர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர் இருந்த காலத்து ஆள். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "எதை எதால வகுத்தீங்கம்மா?" என்றார். விலகியவர்கள் எண்ணிக்கையை சராசரி ஆள்பலத்தால் வகுத்தேன் என்றேன். "ட்ரெய்னி உள்ளயா வெளியயா?" வெளியே என்றேன், குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "போன வருஷமும் வெளியதானா?" அது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, போன வருஷக் கணக்கு எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. அவர் அதோடு விடவில்லை. ரொம்ப சாதாரணமாக, "2019ல இந்த பெல்ட்ல யாரும்மா ஆள் எடுத்தா?" என்று கேட்டார்.

வண்டி விற்காமல் கம்பெனிகள் வரிசையாக உற்பத்தி இல்லாத நாட்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வெளியே வேலை இருந்தால்தானே விட்டுப் போவார்கள். என் போல்டு எழுத்துச் சாதனையில் பெரும்பகுதி மார்க்கெட் மந்தம் செய்தது, நான் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலை கிடைக்கவில்லை. பிஸ்கட் கூட எடுத்துக்கொள்ளாமல் வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எழுதியிருக்க வேண்டியது எது என்று ஞாபகம் வந்தது. எங்கள் இரண்டாம் ஷிஃப்ட் பஸ். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 38 பேர் வருவார்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் அவர்களை நடு ராத்திரி மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து ஊருக்குள் 4 கிலோமீட்டர் நடை, நாய்த் தொல்லை வேறு. 6 மாதத்தில் அந்த ரூட்டில் மட்டும் 11 பேர் வேலையை விட்டார்கள். எக்ஸிட் இன்டர்வியூ பேப்பரில் 11 பேரும் "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதியிருந்தார்கள், அதில் எதுவும் தெரியாது. டிரைவரிடம் பேசித்தான் தெரிந்தது. டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி ரூட்டை உள்ளே திருப்பினேன். அடுத்த 6 மாதத்தில் போனவர்கள் 3 பேர். மந்தம் எல்லா ரூட்டுக்கும் பொதுதானே, ஆனால் மற்ற பஸ்களில் இந்த அளவுக்குக் குறையவில்லை. சின்ன எண்தான். ஆனால் அந்தப் பெரியவர் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இதற்கு என்னிடம் பதில் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எந்தச் சதவீதத்தையும் எழுதுவதற்கு முன் என்னையே நான் கேட்டுக்கொள்வேன்: நான் அந்த வருஷம் மெடிக்கல் லீவில் படுத்திருந்தால் இந்த எண் எவ்வளவு மாறியிருக்கும்? பதில் "பெரிதாக மாறாது" என்றால் அந்த வரியை எடுத்துவிடுவேன். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

ஹெச்ஆர் வேலையில் இன்னொரு சங்கடம், நாம் ஒழுங்காக வேலை செய்தால் எதுவும் நடக்காது. சேல்ஸ்காரன் ஆர்டர் கொண்டுவந்தேன் என்பான், புரொடக்ஷன்காரன் இத்தனை பீஸ் என்பான். நாம் என்ன சொல்வது, ஸ்ட்ரைக் வரவில்லை, நோட்டீஸ் வரவில்லை என்றா?

ஒரு உதாரணம். ஈஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர் காப்பீட்டில், சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பணம் பிடிக்க இரண்டு கான்ட்ரிபியூஷன் பீரியட். நடுவில் இன்கிரிமென்ட் வந்து 21,000ஐத் தாண்டினாலும் அந்தப் பீரியட் முடிகிறவரை பிடித்தம் தொடரவேண்டும், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. ஒரு இடத்தில் நான் சேர்ந்த புதிது. ஜூலை இன்கிரிமென்ட் ஏறியதும் சம்பள சாஃப்ட்வேர் 26 பேருக்குப் பிடித்தத்தைத் தானாக நிறுத்திவிட்டது. கையில் நூற்றுச் சொச்சம் கூட வருகிறதே என்று தொழிலாளிகளும் வாய் திறக்கவில்லை. ஆகஸ்டில் சம்பள ஷீட்டை வரி வரியாகப் பார்த்தபோது கண்ணில் பட்டது. விட்டுப்போனதைக் கட்டி, சாஃப்ட்வேரில் அந்தக் கண்டிஷனை மாற்றச் சொல்லி, அக்டோபரில் இன்னொரு தடவை சரிபார்த்தேன். யாரும் பாராட்டவில்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ரெஸ்யூமேயில் இதை எழுதலாம், எழுதவேண்டும்: என்ன தப்பு இருந்தது, எத்தனை பேருக்கு, எப்போது பிடித்தேன், திரும்ப வராமல் இருக்க என்ன செய்தேன். படிப்பவர் ஹெச்ஆர் ஆளாக இருந்தால் "அட, இவங்க ஷீட்டை நிஜமாவே பாக்கறவங்க" என்று அங்கேயே புரிந்துவிடும். இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு லேபர் கோடும் (பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்த புதுச் சட்டங்கள்) அமலுக்கு வந்ததிலிருந்து எனக்கு வருகிற ரெஸ்யூமே ஒவ்வொன்றிலும் "லேபர் கோட் இம்ப்ளிமென்டேஷன்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. என்ன இம்ப்ளிமென்ட் செய்தீர்கள்? அலவன்ஸ் மொத்தச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டியதால் எத்தனை பேர் சம்பளக் கணக்கை மாற்றினீர்கள்? ஃபிக்ஸட் டெர்ம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுத்த ஆட்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்பதற்கு எவ்வளவு ஒதுக்கச் சொன்னீர்கள்? கேட்டால், வெபினார் அட்டென்ட் செய்தேன் என்கிறார்கள்.

அப்புறம் ரகசியம். மற்ற எந்த வேலைக்கும் இல்லாத ஒரு பரீட்சை ஹெச்ஆர் விண்ணப்பத்தில் மட்டும் உண்டு. சாதனையைச் சொல்கிற விதத்திலேயே நம்மை நம்பலாமா என்று தெரிந்துபோகும். இரண்டு வருஷம் முன்பு நான் இன்டர்வியூ எடுத்த ஒருவர், பேச்சு நன்றாக இருந்தது, அனுபவமும் இருந்தது. பாலியல் தொல்லை புகார் ஒன்றை எப்படிக் கையாண்டேன் என்று ஆரம்பித்தவர் அந்தப் பெண் எந்த டிபார்ட்மென்ட், எந்த ஷிஃப்ட், எப்போது கல்யாணம் ஆனது என்பதுவரை சொல்லிவிட்டார். அதே ஏரியா, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கே வேலை பார்த்தவர்கள், எனக்கு ஆள் யாரென்றே தெரிந்துவிட்டது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் வருஷச் சட்டத்தில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நான் ஃபைலை மூடிவிட்டேன். எண்ணிக்கை சொல்லலாம், அது ஆண்டறிக்கையில் போகிற விஷயம்தான். விசாரணையை 90 நாளுக்குள் முடித்தோம் என்று சொல்லலாம். கமிட்டிக்கு வெளி உறுப்பினரை நியமித்து, தமிழிலும் இந்தியிலும் ஷாப் ஃப்ளோரில் நோட்டீஸ் ஒட்டினேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் போகாதீர்கள். இன்னொன்று, "ஸீரோ கம்ப்ளைன்ட்ஸ்" என்று பெருமையாக எழுதுகிறார்களே, 600 பேர் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் ஒரு புகார் கூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். யாரிடம் சொல்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

நான், நாங்கள் பிரச்சினையும் இருக்கிறது. என் ஜூனியர் எல்லாவற்றையும் "டீமாகச் செய்தோம்" என்பாள். இதற்கு நேர் எதிராக இன்னொரு ஜாதி உண்டு, மூன்று வருஷ சம்பள ஒப்பந்தத்தைத் தனி ஆளாக முடித்துவிட்டதாக எழுதுவார்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் போட்ட 12(3)யோ (சமரச அதிகாரி முன்னால் போடுவது) 18(1)ஓ (இரு தரப்பும் நேரடியாகப் போடுவது), ஒரு செட்டில்மென்ட்டில் எத்தனை பேர் கையெழுத்து இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்த வரியை உங்கள் சங்கச் செயலாளர் படித்தால் சிரிப்பாரா, தலையாட்டுவாரா என்று யோசித்துப் பாருங்கள். பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதினேன், பக்கத்துக் கம்பெனிகளின் சம்பள விவரம் சேகரித்து டேபிளில் வைத்தேன், இன்சென்டிவ் கணக்கை நான் போட்டேன், அதை இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது என்று எழுதினால் அதுவே கனமான வரி. சங்கச் செயலாளர் கூட "ஆமா, அந்தக் கணக்கு அந்தப் பொண்ணு போட்டதுதான்" என்பார்.

படித்து முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள் எங்களுக்கு என்ன சாதனை என்று கேட்பீர்கள். எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) ஃபீல்டு வொர்க்கில் எந்த பிளான்ட்டுக்குப் போனீர்கள், அங்கே கேன்டீன் புகார் நோட்டையோ லேட் ரிஜிஸ்டரையோ புரட்டிப் பார்த்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒன்று சொல்லுங்கள், போதும்.

நாங்கள் ஹெச்ஆர் ஆட்கள் வருஷக்கணக்காக அடுத்தவர்களிடம், சூழ்நிலை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்று ஸ்டார் முறையில் கேட்டுக் கேட்டு மதிப்பெண் போடுகிறவர்கள். அவரவர் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் அதே கேள்வி மறந்துபோகிறது. பல்வலி வந்த பல் டாக்டர் கதை.

அன்றைக்குக் காலை ஒன்றரை மணி நேரம் போனில் உட்கார்ந்தோம். பதினோரு புள்ளியில் ஐந்து மிஞ்சியது. பெஸ்ட் டீம் ப்ளேயர் கப்பைத் தூக்கிவிட்டோம், அவளுக்கு அதில் லேசான வருத்தம். முதல் வரி இப்படி ஆனது: ஆதார் இணைப்பு தடைப்பட்டிருந்த 143 பேரில் 134 பேரின் பிஎஃப் விவரங்களை ஷிஃப்ட் வாரியாக நேரில் சந்தித்து 11 வாரத்தில், 2021 செப்டம்பர் 1 கெடுவுக்கு முன் சரிசெய்தேன், மீதி 9 பேரில் 8 பேருக்கு நவம்பருக்குள் முடித்தேன். "அந்த 9 பேரை எடுத்துடலாமேக்கா, முழுசா முடிக்கலன்னு தெரிஞ்சுடுமே" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நேற்று இன்டர்வியூ. சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டாள், பின்னால் கண்டக்டர் சத்தம். 40 நிமிஷ இன்டர்வியூவில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியிலேயே போய்விட்டதாம். இரண்டு யுஏஎன் இருந்தவர்களுக்கு எப்படி மாற்றினீர்கள், நைட் ஷிஃப்டில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், நோட்டில் மூன்றாவது கட்டத்தை யார் சொல்லிப் போட்டீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில், "சரி, 8 பேர் ஆச்சு, அந்த ஒருத்தர் என்ன ஆனார்?" என்று கேட்டாராம் அங்கிருந்த ஹெட்.

"நீ என்ன சொன்ன?"

"அது அவரோட சொந்த விஷயம் சார், அவர் இன்னும் அங்கதான் வேலை பாக்கறார், சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டேன்க்கா. அவர் ஒண்ணும் பேசல. பேப்பர்ல ஏதோ எழுதிக்கிட்டார். என்னக்கா எழுதியிருப்பார்?"

நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று கேட்டார்களா என்றேன். கேட்டார்களாம்.